எடையைத் தாங்குவது எது? விண்மீன்களின் வாழ்வும் முடிவும்

மூன்று கேள்விகள் ஒன்றாக வந்திருக்கின்றன. பெரிய விண்மீனில் எரிபொருள் அதிகமாக இருந்தும் அது சிறிய விண்மீனுக்கு முன்பே இறப்பது ஏன்? எல்லா விண்மீன்களும் வெடித்துத்தான் முடிகின்றனவா? நம் சூரியன் ஒருநாள் கருந்துளையாக மாறுமா? கடைசிக் கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடலாம்: சூரியன் கருந்துளையாக மாறாது, வெடிக்கவும் செய்யாது. மற்ற இரண்டுக்கும் விடை காண, விண்மீனை எரியும் அடுப்பாகப் பார்க்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். விண்மீன் என்பது தன் எடையாலேயே உள்நோக்கிச் சரிந்துவிடக்கூடிய ஒரு வாயுக் கோளம். அந்த எடையை உள்ளிருந்து எது தாங்குகிறது என்ற கேள்வியை ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொண்டே போனால், அதன் வரலாறு பெரும்பாலும் விளங்கிவிடும்.

சூரியனின் நிறை பூமியின் நிறையைப் போல் சுமார் 3,30,000 மடங்கு. இத்தனை எடையையும் இன்று தாங்கி நிற்பது, மையத்தில் சுமார் 1.5 கோடி டிகிரி வெப்பத்தில் இருக்கும் வாயுவின் அழுத்தம். ஆனால் அந்த வெப்பம் மேற்பரப்பு வழியாக ஒளியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. இழந்ததை ஈடுகட்ட ஏதும் இல்லையென்றால் சூரியன் சுருங்கும். சுருங்கினால் ஈர்ப்பு ஆற்றல் வெப்பமாக மாறி, மையம் முன்னைவிடக் கூடுதலாகச் சூடேறும். நம் கையில் இருக்கும் பொருள்கள் வெப்பத்தை இழந்தால் குளிர்கின்றன. விண்மீனோ வெப்பத்தை இழக்க இழக்கச் சுருங்கிச் சூடாகிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் வருவது பலவும் எளிதாகும். அணுக்கரு இணைவு இந்தச் சுருக்கத்தைத் தள்ளிப்போடுகிறது. ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாக மாற, அதில் 0.7 விழுக்காடு, அதாவது 40 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட நிறை, ஆற்றலாக வெளிப்படுகிறது. சுருக்கத்தை மட்டும் நம்பியிருந்தால் சூரியன் சில கோடி ஆண்டுகளே ஒளிர்ந்திருக்கும். இணைவு இருப்பதால் அது 460 கோடி ஆண்டுகளாக ஒளிர்கிறது. இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளுக்கு ஹைட்ரஜன் கைவசம் இருக்கிறது.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். நிறை கூடினால் தாங்க வேண்டிய எடை கூடுகிறது. அதைத் தாங்க மையம் மேலும் சூடாக இருக்க வேண்டும். அவ்வளவு சூடான, அவ்வளவு பெரிய கோளத்திலிருந்து ஒளி மிக வேகமாகக் கசிகிறது. விண்மீனின் ஒளிர்வை நிர்ணயிப்பது இந்தக் கசிவுதான். இணைவு அதை ஈடுகட்டும் அளவுக்கே நடக்கிறது. சூரியனை ஒத்த நிறைகளில் ஒளிர்வு, நிறையின் 3.5 அடுக்கையொட்டி உயர்கிறது என்பது தோராயமான விதி. சூரியனைப் போல் 10 மடங்கு நிறையுள்ள விண்மீனுக்கு எரிபொருள் 10 மடங்கு இருக்கிறது. செலவோ சில ஆயிரம் மடங்கு. எனவே சூரியன் 1,000 கோடி ஆண்டுகள் வாழும்போது அது இரண்டு கோடி ஆண்டுகளைச் சற்றே தாண்டுகிறது. 25 மடங்கு நிறையுள்ள விண்மீனின் ஹைட்ரஜன் ஏறத்தாழ 70 லட்சம் ஆண்டுகளில் தீர்ந்துவிடும்.

நிறை குறைந்த பக்கத்தில் கதை நேர்மாறானது. சூரிய நிறையில் சுமார் 0.08 பங்குக்கு, அதாவது வியாழனைப் போல் ஏறத்தாழ 80 மடங்குக்குக் குறைவாக இருந்தால், சுருங்கும் வாயு ஹைட்ரஜன் இணையும் வெப்பத்தை எட்டும் முன்பே வேறொன்று குறுக்கிட்டுச் சுருக்கத்தை நிறுத்திவிடுகிறது. 1925-இல் இயற்பியலர் பவுலி கண்ட விதிப்படி, இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது. அவற்றை மிக நெருக்கமாக அடைத்தால், இடமில்லாமல் மேலும் மேலும் உயர்ந்த ஆற்றல் நிலைகளுக்குத் தள்ளப்பட்டு, வேகமாக இயங்கி, வெளிநோக்கி அழுத்துகின்றன. இந்தக் குவாண்டம் அழுத்தத்துக்கு வெப்பம் தேவையில்லை. பொருள் முற்றிலும் குளிர்ந்துபோனாலும் அது அப்படியே நிற்கும். இப்படி நின்றுபோனவையே பழுப்புக் குறுமீன்கள். அவை முழு விண்மீனாக ஆகாமலே குளிர்கின்றன. எண்ணிக்கையில் அதிகமான, மங்கிச் சிவந்த சிறு விண்மீன்களான செங்குறுமீன்கள் இந்த வரம்புக்கு மேலே இருக்கின்றன. சூரியனுக்கு மிக அருகில், 4.24 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் பிராக்சிமா சென்டாரி அவற்றுள் ஒன்று. அதன் நிறை சூரியனில் 0.12 பங்கு, ஒளிர்வோ ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. இத்தகைய விண்மீனில் வாயு முழுவதும் கொதிநீர்போல மேலும் கீழும் புரண்டுகொண்டே இருப்பதால், புற அடுக்கின் ஹைட்ரஜனும் மையத்துக்கு வந்து சேர்கிறது; சூரியனோ தன் ஹைட்ரஜனில் பெரும்பகுதியை மையத்துக்கு வெளியே தொடாமலே விட்டுவிடும். பிராக்சிமாவின் ஆயுள் பல லட்சம் கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகளே என்பதால், முதுமையால் இறந்த செங்குறுமீன் இதுவரை ஒன்றுகூட இல்லை.

இவ்வளவு நீண்ட காலத்தில் நடப்பதை மனிதர் எப்படி அறிந்தனர் என்ற ஐயம் இங்கே எழுவது நியாயமே. ஒரு காட்டில் ஒரு நாள் நடந்து, விதையையும் கன்றையும் முதுமரத்தையும் விழுந்த மரத்தையும் பார்ப்பவர், மரத்தின் வாழ்நாளை ஊகித்துவிடலாம். விண்மீன் கொத்துகள் அப்படிப்பட்ட காடுகள். அதிலும் ஒரே காலத்தில் விதைக்கப்பட்ட காடுகள். ஒரே முகிலிலிருந்து ஏறத்தாழ ஒரே நேரத்தில் பிறந்த விண்மீன்களில், கொத்தின் வயது ஏற ஏற, நிறை மிகுந்தவை வரிசையாக விடைபெறுகின்றன. ஏறத்தாழ 10 கோடி ஆண்டு வயதான கார்த்திகைக் கொத்தில் நீல நிறத்து வெப்பமான விண்மீன்கள் இன்னும் ஒளிர்கின்றன. 1,200 கோடி ஆண்டு அளவு வயதான உருண்டைக் கொத்துகளிலோ, சூரிய நிறையில் 0.8 பங்குக்கு மேற்பட்டவை அநேகமாக எல்லாமே ஹைட்ரஜன் கட்டத்தைக் கடந்துவிட்டன. ஹெர்ட்ஸ்பிரங்கும் ரஸ்ஸலும் 1910-களில் வகுத்த ஒளிர்வு–நிற வரைபடத்தில் ஒரு கொத்தின் விண்மீன்களைக் குறித்தால், ஹைட்ரஜனை இணைக்கும் விண்மீன்களின் வரிசை எந்த நிறையில் முறிகிறது என்பதை வைத்தே அதன் வயதைச் சொல்லிவிடலாம்.

சூரியனைப் போன்ற விண்மீனின் முதுமை, மையத்து ஹைட்ரஜன் தீர்ந்ததும் தொடங்குகிறது. இணைவு நின்ற ஹீலிய மையம் சுருங்கிச் சூடேற, அதைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் ஹைட்ரஜன் முன்னைவிட வேகமாக இணைகிறது. அந்த ஆற்றலால் புற அடுக்குகள் விரிந்து, மேற்பரப்பு குளிர்ந்து சிவக்கிறது; இதுவே செம்பெருமீன். சுவாதி என்று நாம் அழைக்கும் விண்மீன் இன்று இந்த நிலையில்தான் இருக்கிறது: சூரியனைவிடச் சற்றே கூடுதலான நிறை, ஆனால் ஏறத்தாழ 25 மடங்கு ஆரம். வானில் அதைப் பார்க்கும்போது சூரியனின் எதிர்காலத்தையே பார்க்கிறோம் என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது. சூரியன் இந்தக் கட்டத்தின் உச்சியில் இன்றைய ஆரத்தைப் போல் 200 மடங்கு அளவுக்கு வீங்கி, புதனையும் வெள்ளியையும் விழுங்கிவிடும். பூமிக்கான இடர் அதற்கு வெகு முன்பே வந்துவிடும். சூரியனின் ஒளிர்வு 100 கோடி ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடிக்கொண்டே போவதால், செம்பெருமீனாகும் காலத்துக்கு நெடுங்காலம் முன்னரே இங்கே கடல்கள் நிலைக்க முடியாமல் போகும்.

செம்பெருமீனின் உள்ளே நடக்கும் ஒரு நிகழ்ச்சியைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். சுருங்கும் ஹீலிய மையத்தை இப்போது தாங்குவது வெப்பம் அன்று, முன்னே சொன்ன எலக்ட்ரான்களின் குவாண்டம் அழுத்தம். வெப்பம் 10 கோடி டிகிரியை எட்டும்போது, மூன்று ஹீலியக் கருக்கள் சேர்ந்து ஒரு கார்பன் கருவாகும் இணைவு தொடங்குகிறது. சாதாரண வாயுவாக இருந்தால் வெப்பம் கூடியதும் அது விரிந்து தன்னைத் தானே தணித்துக்கொள்ளும். இங்கே அழுத்தம் வெப்பத்தைச் சார்ந்திராததால் விரிவு நிகழாது. இணைவு வெப்பத்தைக் கூட்ட, வெப்பம் இணைவைக் கூட்ட, சில நொடிகளுக்கு அந்தச் சிறிய மையம் ஒரு முழு விண்மீன் மண்டலத்துக்கு ஒப்பான வீதத்தில் ஆற்றலை வெளியிடுகிறது. ஆயினும் வெளியே எதுவும் தெரிவதில்லை. ஆற்றல் முழுவதும் மையத்தின் இறுக்கத்தைத் தளர்த்துவதிலேயே செலவாகிவிடும். தளர்ந்ததும் அது மீண்டும் சாதாரண வாயுவாகி, ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள் அமைதியாக ஹீலியத்தை இணைக்கிறது. அந்தச் சில நொடி நிகழ்ச்சிக்கு ஹீலியப் பாய்ச்சல் என்று பெயர்.

ஹீலியமும் தீர்ந்தபின் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த மையம் எஞ்சுகிறது. சூரியனின் எடை, அந்தக் கார்பனை இணைக்கும் வெப்பத்துக்கு மையத்தை ஒருபோதும் கொண்டுசெல்லாது. விண்மீன் இரண்டாம் முறையாக வீங்கி, துடித்து, புற அடுக்குகளை வாயுக் காற்றாக இழக்கத் தொடங்குகிறது. இந்தக் கட்டம் வெறும் அழிவு அன்று. 1952-இல் பால் மெரில் இத்தகைய செம்பெருமீன்களின் நிறமாலையில் டெக்னீசியத்தைக் கண்டார். அந்தத் தனிமத்தின் நீண்ட ஆயுளுடைய வகைகூடச் சில லட்சங்களிலிருந்து நாற்பது லட்சம் ஆண்டு என்ற அளவிலேயே பாதியாகக் குறைந்துவிடும். பல நூறு கோடி ஆண்டு வயதான விண்மீனில் அது பிறப்பிலிருந்தே இருந்திருக்க முடியாது. அதாவது விண்மீன் அதைத் தன் உள்ளே அண்மையில் உருவாக்கி, மேற்பரப்புக்குக் கொண்டுவந்திருக்கிறது. தனிமங்கள் விண்மீன்களில் சமைக்கப்படுகின்றன என்பதற்கு இதைவிட நேரடியான சான்று அன்று வேறில்லை. வெளியேறிய வாயு, வெறுமையாகிவிட்ட சூடான மையத்தின் புறஊதா ஒளியில் சில ஆயிரம் ஆண்டுகள் ஒளிர்வதையே கோள் நெபுலா என்கிறோம். கோள்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை, பழைய தொலைநோக்கிகளில் வட்டமாகத் தெரிந்ததால் வந்த பெயர்.

எஞ்சும் மையமே வெண்குறுமீன். இதன் மிகச் சிறந்த உதாரணம், இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சிரியஸ் நேர்கோட்டில் செல்லாமல் அலைவதைக் கண்ட பெசல், கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை அதை இழுப்பதாக 1844-இல் அறிவித்தார். 1862-இல் ஆல்வன் கிளார்க் தாம் செய்த புதிய தொலைநோக்கியைச் சோதிக்கையில் அந்தத் துணையைக் கண்டார். சூரியனை ஒத்த நிறையும் பூமியை ஒத்த அளவும் கொண்ட அதில், ஒரு கன சென்டிமீட்டர் பொருளின் நிறை இரண்டு டன்னுக்கு மேல். இதில் ஒரு புதிரும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை. இன்னும் ஹைட்ரஜனை இணைத்துக்கொண்டிருக்கும் சிரியஸின் நிறை சூரியனைப் போல் இரு மடங்கு, இறந்துவிட்ட துணையின் நிறையோ ஒரு மடங்கு. நிறை கூடியதே முதலில் இறக்கும் என்று சொன்னோமே? விடை இதுதான்: துணை பிறந்தபோது ஏறத்தாழ 5 சூரிய நிறை கொண்டிருந்தது, நான்கு பங்கைக் காற்றில் இழந்துவிட்டு மையம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பிறப்பு நிறையும் இறப்பு நிறையும் ஒன்றல்ல என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சூரியனும் இப்படியே பாதியளவை இழந்து, 0.54 சூரிய நிறையுள்ள வெண்குறுமீனாக முடியும்.

வெண்குறுமீனில் இணைவு இல்லை. அது குளிர்ந்துகொண்டே போகலாம். எலக்ட்ரான்கள் தாங்குவதால் சரிவதில்லை. அப்படியானால் எல்லா விண்மீன்களும் இவ்வாறே அமைதியாக முடிந்துவிடலாமே என்று 1920-களின் இறுதியில் எண்ணினர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல் தம் 19-ஆம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்ற சுப்ரமணியன் சந்திரசேகர், அந்தப் பயணத்தின்போதே இந்த எண்ணத்தில் இருந்த ஓட்டையைக் கண்டார். நிறை கூடக் கூட எலக்ட்ரான்கள் மேலும் நெருக்கப்பட்டு, ஒளியின் வேகத்தை அணுகுகின்றன. அந்த வேகத்துக்கு மேல் அவற்றால் செல்ல முடியாது. அழுத்தம் உயர வேண்டிய அளவுக்கு உயர்வதில்லை. சுமார் 1.4 சூரிய நிறைக்கு மேல் எலக்ட்ரான்களால் எடையைத் தாங்கவே முடியாது. 1935-இல் எடிங்டன் இதை வெளிப்படையாக மறுத்தார்; அன்றைய வானியலில் அவருக்கிருந்த செல்வாக்கால் இந்த முடிவு உரிய கவனம் பெறப் பல ஆண்டுகள் ஆயின. 1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விண்மீன்களின் முடிவைப் பற்றி இந்த நூற்றாண்டுக் கால ஆராய்ச்சி தந்தவற்றுள் மிக முக்கியமான ஒற்றை எண் இந்த 1.4 என்றே நான் கருதுகிறேன். அமைதியான முடிவையும் வன்முறையான முடிவையும் பிரிக்கும் கோடு அதுதான்.

பிறப்பில் சுமார் 8 சூரிய நிறைக்கு மேற்பட்ட விண்மீன்கள் அந்தக் கோட்டைக் கடக்கின்றன. அவற்றின் மையம் கார்பனையும் பின் நியானையும் ஆக்சிஜனையும் சிலிக்கானையும் வரிசையாக இணைக்கும் வெப்பத்தை எட்டுகிறது. 25 சூரிய நிறையுள்ள விண்மீனில் கால அளவுகள் குறுகும் விதம் திகைப்பூட்டுவது: ஹீலியக் கட்டம் சில லட்சம் ஆண்டுகள், கார்பன் சில நூறு ஆண்டுகள், நியான் ஏறத்தாழ ஓராண்டு, ஆக்சிஜன் சில மாதங்கள், சிலிக்கான் ஏறத்தாழ ஒரே நாள். இந்த அவசரத்துக்குக் காரணம், பொருளோடு அநேகமாக வினைபுரியாத நுண்துகள்களான நியூட்ரினோக்கள். இவ்வளவு வெப்பத்தில் ஒளியைவிட அவையே பெருமளவு ஆற்றலை அள்ளிச் செல்கின்றன. ஒளி மேற்பரப்பை அடைய நெடுங்காலம் ஆகும், நியூட்ரினோவோ தடையின்றி நேராக வெளியேறிவிடும். கசிவு கூடினால் செலவு கூடும் என்று முன்பு பார்த்த அதே கணக்குதான், இம்முறை பல கோடி மடங்கு வேகத்தில்.

சிலிக்கானுக்குப் பின் இரும்பு. இரும்பையும் அதையொட்டிய தனிமங்களையும் இணைத்தால் ஆற்றல் கிடைக்காது, செலவாகும். இரும்பு மையத்தை எலக்ட்ரான்களே தாங்கி நிற்கின்றன. சுற்றியுள்ள உறையிலிருந்து மேலும் இரும்பு வந்து சேர, மையம் சந்திரசேகர் வரம்பைத் தொட்டதும் தாங்கும் வலிமை போய்விடுகிறது. எலக்ட்ரான்கள் புரோட்டான்களோடு சேர்ந்து நியூட்ரான்களாக, தாங்கிக்கொண்டிருந்தவையே மறைந்துபோகின்றன. பல ஆயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள மையம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில், நொடிக்குப் பல்லாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் சரிந்து, அணுக்கருவின் அடர்த்தியை எட்டியதும் விறைத்து நின்று திருப்பி அடிக்கிறது. அந்த அதிர்ச்சி அலை வழியிலேயே திணறி நின்றுவிடும். மையத்திலிருந்து பொங்கும் நியூட்ரினோக்களில் ஒரு சிறு பங்கு உறிஞ்சப்பட்டு, அதற்கு மீண்டும் உயிர் கொடுப்பதாலேயே விண்மீன் சூப்பர்நோவாவாக வெடிக்கிறது. சில நொடிகளில் வெளிப்படும் ஆற்றல், சூரியன் தன் வாழ்நாள் முழுவதும் வெளியிடுவதைப் போல் நூறு மடங்குக்கு மேல். அதில் 99 விழுக்காடு நியூட்ரினோக்களாகவே செல்கிறது. நாம் காணும் பேரொளி மிகச் சிறிய மிச்சம்.

இதை வெறும் கணக்காக மட்டும் வைத்திருக்க வேண்டிய நிலை 1987 பிப்ரவரி 23-இல் முடிந்தது. நம் விண்மீன் மண்டலத்துக்கு அருகிலுள்ள சிறு மண்டலமான பெரிய மெகல்லன் முகிலில், சுமார் 1,68,000 ஒளியாண்டுத் தொலைவில், ஏறத்தாழ 20 சூரிய நிறையுள்ள ஒரு நீலப் பெருமீன் வெடித்தது. அதன் ஒளி படத்தில் பதிவாவதற்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்பே, ஜப்பானின் கமியோகாண்டே உட்பட மூன்று ஆய்வுக்கூடங்களின் நிலத்தடிக் கருவிகள், சில நொடிகளுக்குள் இருபதுக்கும் சற்று மேற்பட்ட நியூட்ரினோக்களைப் பிடித்தன. எண்ணிக்கை சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அவற்றின் ஆற்றலும் பரவிய கால அளவும் மையச் சரிவுக் கோட்பாடு சொன்னதோடு பொருந்தின. ஒரு விண்மீனின் மையம் இறந்த கணத்தை மனிதர் நேரடியாக அறிந்தது அதுவே முதல் முறை.

சரிந்த மையம் நியூட்ரான் விண்மீனாக நிற்கலாம். அங்கே எடையைத் தாங்குவது நியூட்ரான்களின் குவாண்டம் அழுத்தமும் அவற்றுக்கிடையிலான வலிய அணுக்கரு விசையின் விலக்கமும். சூரியனைவிடக் கூடுதலான நிறை, ஒரு நகரத்தின் அகலத்துக்குள், சுமார் 12 கிலோமீட்டர் ஆரத்தில் அடங்கிவிடும். ஜோசலின் பெல் 1967-இல் கண்ட ரேடியோத் துடிப்புகள் இத்தகைய சுழலும் விண்மீன்களிடமிருந்து வந்தவை. 1054-இல் சீன வானியலர்கள் பகலிலும் தெரிந்த புதிய விண்மீனாகப் பதிவு செய்த வெடிப்பின் எச்சமான நண்டு நெபுலாவின் நடுவில், இன்றும் ஒரு நியூட்ரான் விண்மீன் நொடிக்கு 30 முறை சுழல்கிறது. நியூட்ரான்களின் தாங்கும் திறனுக்கும் வரம்பு உண்டு. இரண்டு சூரிய நிறையைச் சற்றுத் தாண்டியதும் அதுவும் தோற்கிறது. அதன் பிறகு தாங்க எதுவுமில்லை. அதையே கருந்துளை என்கிறோம். பிறப்பில் எந்த நிறையிலிருந்து கருந்துளை உருவாகும் என்று ஒரே எண்ணாகச் சொல்லிவிட முடியாது. ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்ந்த தனிமங்கள் மிகுதியாக உள்ள விண்மீன் கடுங்காற்றாகத் தன் நிறையை இழந்துவிடும்; அவை குறைந்த விண்மீன் நிறையைக் காப்பாற்றிக்கொண்டு பெரிய கருந்துளையை விட்டுச்செல்லும். 2015 செப்டம்பர் 14-இல் ஈர்ப்பலைகளாக, அதாவது வெளியின் அதிர்வுகளாக, பதிவான இணைப்பில் மோதிய கருந்துளைகளின் நிறை 36, 29 சூரிய நிறை அளவில் இருந்தது. இவ்வளவு கனமானவை, அப்படிப்பட்ட தூய வாயுவில் பிறந்த விண்மீன்களிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

தனித்து வாழாத விண்மீன்களுக்கு இன்னொரு வகை முடிவு உண்டு. அருகிலுள்ள துணையிடமிருந்து பொருளைப் பெறும் அல்லது அதனோடு மோதும் வெண்குறுமீனில், கார்பன் ஒட்டுமொத்தமாகப் பற்றி, எதையும் மிச்சம் வைக்காமல் அதைச் சிதறச் செய்யலாம். டைக்கோ பிராகே 1572-இல் கண்டது இவ்வகையானது. பிரபஞ்சத்தின் இரும்பில் பெரும்பங்கு இத்தகைய வெடிப்புகளிலிருந்தே வந்தது.

தொடக்கத்தில் சொன்ன மூன்று கேள்விகளோடு, திருவாதிரை எப்போது வெடிக்கும் என்றும் ஒரு வரி வந்திருந்தது. அது 15 முதல் 20 சூரிய நிறையும், சூரியனைப் போல் 700 மடங்குக்கு மேற்பட்ட ஆரமும் கொண்ட செம்மாபெருமீன். 2019 இறுதியில் அது மங்கியபோது முடிவு நெருங்கிவிட்டதாகப் பேச்சு எழுந்தது; அது கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி ஒளியை மறைத்ததே முதன்மைக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. அதன் மையம் இன்னும் ஹீலியத்தை இணைத்துக்கொண்டிருப்பதாகவே பெரும்பாலான கணக்கீடுகள் காட்டுகின்றன. அவ்வாறாயின் இன்னும் ஒரு லட்சம் ஆண்டுகள் வரை ஆகலாம். மேற்பரப்பின் ஒளிர்வை மட்டும் வைத்து நாளைக் குறிக்க முடியாது. மையம் கார்பனைக் கடந்து சிலிக்கானுக்குப் போகும் வேகத்தில், விரிந்து பரந்த புற அடுக்குக்கு அந்தச் செய்தி பெரிதாக எட்டுவதே இல்லை. நடக்கும்போது முதலில் வருபவை நியூட்ரினோக்கள். அதிர்ச்சி அலை அவ்வளவு பெரிய உறையைக் கடந்து மேற்பரப்பைத் தொட ஏறத்தாழ ஒரு நாள் ஆகும் என்பதால், நிலத்தடிக் கருவிகள் அறிந்துகொண்ட பிறகும் திருவாதிரை வானில் பழையபடியே சிவந்து தெரிந்துகொண்டிருக்கும்.